மூன்றாவது வாரத்துப் பல்

சுகப்பிரியாவின் முன்பல்லைப் பேச்சிராஜ் உடைத்தது பட்டப்பகலில். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு வெளியே, ஒரகடம் போகிற ஷேர் ஆட்டோவில் ஒரு வண்டி ஜனம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க, ஓங்கி ஓர் அறை. வேடிக்கைதான் பார்த்தார்கள், வேறென்ன கிழித்தார்கள். ஆட்டோக்காரர் மட்டும், "யோவ், இன்னாய்யா இது, பொம்பள மேல கைய வெச்சிகினு" என்று கேட்டார். அதையும் வண்டியை விட்டு இறங்காமலேயே கேட்டார்.

வெறும் அறையாக இருந்திருந்தால் கன்னம் வீங்கி, நாலு நாளில் வடிந்திருக்கும். பேச்சிராஜின் மணிக்கட்டில் கனமான இரும்புக் காப்பு ஒன்று கிடக்கும். பெரிய சண்டியர் என்று நினைப்பு. அந்தக் காப்பு அவளுடைய மேலுதட்டைக் கிழித்துப் பல்லில் இறங்கியது. பல் பாதியில் முறிந்து நாக்கின் மேல் விழுந்தது. சுகப்பிரியா அதைத் துப்பவில்லை. ரத்தத்தோடு உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள். இவ்வளவு சின்னதா என்றுதான் முதலில் தோன்றியது.

அவள் செய்த குற்றம் இதுதான். பேச்சிராஜ் அவளுடைய தாய்மாமன் மகன். சங்கரன்கோவில் பக்கத்து ஊர். அவனுக்கு இவள் என்று இரண்டு வீட்டிலும் இவள் பாவாடை சட்டை போட்ட காலத்திலேயே பேசி முடித்துவிட்டார்கள். இவளை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. டிப்ளமோ முடித்து ஒரகடத்தில் வேலைக்கு வந்து சேர்ந்த பிறகு அவளுக்கே அந்தப் பேச்சு மறந்துபோயிருந்தது. ஊரில் பால் வண்டி ஓட்டுகிற பேச்சிராஜுக்கு மறக்கவில்லை. கல்யாணத்துக்குத் தேதி கேட்க ரயிலேறி வந்தான். ஸ்டேஷனில் அவனைப் பார்த்து அவள் சொன்னது ஒரே வரி.

"ஒன்னக் கட்ட மாட்டேன் அத்தான். வீட்ல சொல்லிரு."

அடித்த பிறகும் அவன் ஓடவில்லை. நிதானமாகக் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"பல்லு போனவள இனி எவன் கட்டுவான்? நீயா எங்கிட்ட வருவ பாரு" என்றான்.

உதடு கிழிந்த வலியைவிட அந்தச் சொல் அவளை எரித்தது. அடி வாங்கியதற்கு அழாதவள், அன்று ராத்திரி முழுக்க அந்தச் சொல்லுக்கு அழுதாள். விடிந்ததும் முடிவெடுத்துவிட்டாள். அவன் உடைத்த இடத்தில் ஒரு பல் நிற்க வேண்டும். கழற்றி மாட்டுகிற பல்செட் இல்லை, அசையாமல் நிற்கிற பல். அவனிடம் போய் நிற்கிற நாள் ஒன்று தன் வாழ்க்கையில் வரவே கூடாது.

போலீஸில் புகாரும் கொடுத்தாள். ஸ்டேஷனில் அவனைக் கூப்பிட்டு, இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்தார்கள். ஏதோ பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் வந்தவனை விடுகிற மாதிரி.

ஒரகடம் கூட்டுரோட்டில் செல்போன் கடைக்கு மேல்மாடியில் பல் ஆஸ்பத்திரி வைத்திருந்தார் டாக்டர் சௌந்தர்யா. காஞ்சிபுரத்துக்காரர். குரலை உயர்த்தாமலே திட்டத் தெரிந்தவர். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "வேர் உள்ளயே கீறி நிக்குது. அத எடுத்துட்டு அதே எடத்துல ஸ்க்ரூ போட்டுடலாம்" என்றார். "மேல பல் மாதிரி ஒண்ணு வெச்சு அனுப்பறேன். அது பார்வைக்கு மட்டும். எலும்பு ஸ்க்ரூவ நல்லா கவ்வ மூணு மாசம் ஆவும். அப்பறம்தான் நிஜப் பல்."

ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த பணத்தை நிறுத்தி, ஓ.டி. பார்த்துச் சேர்த்ததையும் போட்டு, சுகப்பிரியா அந்த நாற்காலியில் படுத்தாள். உதடு மரத்துப் போயிருந்தது. காது மட்டும் நன்றாகக் கேட்டது. வேரைப் பிடுங்கும்போது மண்டைக்குள் கறகறவென்று ஒரு சத்தம். பிறகு டாக்டர் ஒரு சின்ன ஸ்பேனர் மாதிரி எதையோ வைத்துத் திருக ஆரம்பித்தார். கட், கட், கட் என்று கேட்டது. கடைசியில் டாக்டர் பக்கத்திலிருந்த நர்ஸ் லீலாவிடம், "முப்பத்தஞ்சு டார்க் வந்துடுச்சு. நல்லா பிடிச்சிருக்கு" என்றார்.

இங்கேதான் சுகப்பிரியா தப்புக் கணக்குப் போட்டாள். வேறு வேலை செய்கிற யாராக இருந்தாலும் அந்த வார்த்தையைக் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள். டார்க் என்றால் ஸ்க்ரூ எவ்வளவு இறுக்கமாக ஏறியிருக்கிறது என்கிற கணக்கு. இவள் செய்கிற வேலையே அதுதான். காருக்குள் வைக்கிற சின்னச் சின்னக் கண்ட்ரோல் பெட்டிகளுக்கு மூடி போட்டு ஸ்க்ரூ முடுக்குவது. தலைக்கு மேலே கரண்ட் ஸ்க்ரூ டிரைவர் தொங்கும். இழுத்து வைத்து அழுத்தினால், சொன்ன அளவு இறுக்கம் வந்ததும் தானாக நிற்கும். பச்சை விளக்கு எரிந்தால் பெட்டியை லைனில் அடுத்த ஆளிடம் தள்ள வேண்டும். பஸ்ஸர் அடித்துச் சிவப்பு எரிந்தால் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட வேண்டும். பச்சை எரிந்த பெட்டியை யாரும் மூன்று மாதம் ஷெல்ஃபில் வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை. அன்றைக்கே காரில் ஏறிவிடும்.

ஆக, நாற்காலியில் படுத்தபடியே அவளுக்குள் பச்சை விளக்கு எரிந்துவிட்டது. டாக்டர் அதற்குப் பிறகு சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டினாள். முன்பல்லால் கடிக்காதே, இட்லியைக்கூடப் பிய்த்துக் கடைவாயில் போடு. சரி டாக்டர், சரி டாக்டர். மாத்திரை அட்டையிலும்தான் ஆயிரம் எச்சரிக்கை போட்டிருக்கிறான், யார் படிக்கிறார்கள்.

அவள் தங்கியிருந்தது காந்திமதியின் வரிசை வீட்டில் ஓர் அறை. காந்திமதி இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள். நிலம் கம்பெனிக்குப் போன பிறகு, மிச்சமிருந்த இடத்தில் ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருந்தாள். வாய்தான் நீளம், மனசில் ஒன்றும் கிடையாது. ஸ்க்ரூ போட்ட இரண்டாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை, "இன்னாம்மே, ஒன்ன பாக்க ஒங்கம்மா வந்துகீது. வூட்டாண்ட வெயில்ல நிக்குது, கூப்டு" என்று வந்து சொன்னாள்.

செல்லக்கனி கையில் கோவில்பட்டி கடலைமிட்டாய் பாக்கெட்டோடு நின்றாள். சொல்லாமல் கொள்ளாமல் ராத்திரி பஸ் ஏறி வந்திருக்கிறாள். மகளின் உதட்டுத் தையல் தழும்பைப் பார்த்துக் கண் கலங்கியது உண்மை. கலங்கிய கண்ணைத் துடைத்த கையோடு ஆரம்பித்தாள்.

"ஏட்டி, போலீஸ்ல குடுத்தத வாபஸ் வாங்கிரு. எங்கண்ணன் முகத்துல எப்படி முழிப்பேன்? அவந்தான் கோவத்துல கைய நீட்டிட்டான். ஒடச்சவனே கட்டிக்கிடுதேங்கான். இதுக்கு மேல என்ன வேணும் ஒனக்கு?"

"ஒடச்சவனே கட்டிக்கிடுதானா?"

"வேற எவன் கட்டுவான், சொல்லு. ஊர்ல எல்லாத்துக்கும் தெரிஞ்சு போச்சு. பல்லு போனவன்னு பேரு வந்துட்டு."

பெற்ற தாய் வாயிலிருந்தும் அதே சொல். சுகப்பிரியா வாயைத் திறந்து பல்லைக் காட்டினாள். பார்வைக்கு மட்டும் வைத்த பல்தான், ஆனாலும் பக்கத்துப் பல்லோடு பொருந்தி அழகாகவே இருந்தது.

"நல்லா பாரு. எங்க போச்சு பல்லு?"

"ஒட்ட வச்ச பல்லு ஒரிஜினலாயிருமா? ஒரு மிட்டாயக் கடிச்சா விழுந்துரும்" என்றாள் செல்லக்கனி.

அவ்வளவுதான். சுகப்பிரியா பாக்கெட்டைப் பிரித்தாள். ஒரு கடலைமிட்டாயை எடுத்து, அம்மாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டே, அந்தப் பல்லிலேயே வைத்து அழுத்தி, படாரென்று உடைத்தாள். பல் நின்றது. "பாத்தியா?" என்று கேட்டுவிட்டு இன்னொன்றையும் உடைத்தாள். டார்க் வந்த ஸ்க்ரூ, பச்சை எரிந்த ஸ்க்ரூ, எவன் அப்பன் வந்தாலும் அசைக்க முடியாது என்று மனதுக்குள் ஒரே ஆணவம்.

செல்லக்கனி பாக்கெட்டைப் பிடுங்கி மடித்து வைத்தாள். சாயங்காலம் கிளம்பும்போது, "எந்த நேரம் வேலவிட்டு வருவ? ரூமுக்கு நடந்துதான் வரணுமா?" என்று கேட்டாள். அக்கறையில் கேட்கிறாள் என்று நினைத்து, காலை ஷிஃப்ட் என்றும், கம்பெனி பஸ் ரோட்டிலேயே இறக்கிவிடும் என்றும், மதியம் மூன்று மணிவாக்கில் சந்து வழியாக நடந்து வருவேன் என்றும் அவளும் சொல்லித் தொலைத்தாள்.

இரண்டு நாளில் ஈறு விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. நாக்கால் தள்ளிப் பார்த்தால் பல் ஏதோ அந்நியமாகத் தெரிந்தது. பயந்துபோய் டாக்டரிடம் ஓடினாள். மூன்றாவது வாரம் தொடங்கியிருந்தது.

டாக்டர் சௌந்தர்யா விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். மிட்டாய்க் கதையைக் கேட்டார். கையிலிருந்த கருவியைத் தட்டில் டக்கென்று வைத்தார். அதுவே பெரிய திட்டாக இருந்தது.

"மூணு மாசம்னு சொன்னேனே, காதுல விழலியா?"

"விழுந்துச்சு டாக்டர். ஆனா முப்பத்தஞ்சு டார்க் வந்துட்டுன்னு நீங்கதான் சொன்னீங்க. டார்க் ஓகேன்னா லோடு குடுக்கலாம்லா?"

டாக்டருக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. "அது இரும்பு. இது எலும்பு. இரும்பு நீ முடுக்குன மாதிரியே கெடக்கும், எலும்பு உயிரோட கீதும்மா" என்றார். காஞ்சிபுரம் லேசாக எட்டிப் பார்த்தது. "ஸ்க்ரூ போட்ட அன்னிக்கு இருக்கற பிடி வெறும் இறுக்கம்தான். அப்பறம் ஒடம்பு என்ன பண்ணும் தெரியுமா? ஸ்க்ரூவ சுத்தி நசுங்குன பழைய எலும்பக் கரைச்சு எடுத்துட்டு, புது எலும்பு கட்டும். பழசு போயி புதுசு வராத எடைவெளி ஒண்ணு இருக்கு பாரு, அதுலதான் பிடி ரொம்பக் கொறைவு. மூணாவது வாரம், நாலாவது வாரம். அதாவது இப்போ. போட்ட அன்னிக்கு இருந்தத விட இப்பதான் லூஸு."

சுகப்பிரியா நாற்காலியில் எழுந்து உட்கார்ந்தாள். "அப்ப போச்சா?"

"இன்னும் போவல. ஆனா இன்னொரு மிட்டாய் தாங்காது." டாக்டர் பல்லின் நுனியைக் கொஞ்சம் ராவிக் குட்டையாக்கினார். கீழ்ப்பல் தெரியாத்தனமாகக்கூட அதில் படக் கூடாதாம்.

"இப்பவே கெட்டியான பல்லாப் போட்டுருங்களேன் டாக்டர். ஜிர்கோனியான்னு ஒண்ணு இருக்காமே, சுத்தியல வச்சு அடிச்சாலும் ஒடையாதாமே. இல்லாட்டி உள்ள இரும்பு வச்சது. எவன் அடிச்சாலும் ஒடையக் கூடாது."

"மெட்டல் மேல பீங்கான் வெச்சது முன்பல்லுக்கு வேணாம், ஈறு ஓரத்துல கறுப்பாக் கோடு தெரியும். கடைசில ஜிர்கோனியாதான் போடப்போறேன். ஆனா இப்ப இல்ல." கண்ணாடியைக் கையில் கொடுத்து அந்தப் பல்லைக் காட்டினார். "இது வெறும் பிளாஸ்டிக். உள்ள தண்டு மாதிரி ஒரு மெட்டல், அது ஸ்க்ரூவோட சேந்தது. அதுக்கு மேல பிளாஸ்டிக். பலமா பட்டா இதுதான் மொதல்ல ஒடையணும். பல்லு ஒடையலேன்னா அடி எங்க போவும்? நேரா எலும்புக்குப் போவும். பிளாஸ்டிக் ஒடைஞ்சா பத்து நிமிஷத்துல வேற செஞ்சு தருவேன். ஸ்க்ரூ ஆடிடுச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அதனால ஒடைஞ்ச உடனே நிறுத்திடு. புரியுதா? ஒடைஞ்சா நிறுத்து."

அது அவளுக்கு நன்றாகவே புரிந்தது. பஸ்ஸர் அடித்தால் கையை எடு. இதை முதலிலேயே இப்படிச் சொல்லியிருந்தால் மிட்டாய் பக்கமே போயிருக்க மாட்டாள்.

அதிலிருந்து கஞ்சியும் ரசம் சாதமும்தான். ராத்திரி தூங்கும்போது பல் கடிக்கிறோமோ என்று பயந்து பயந்து விழித்தாள். எலும்பே, சீக்கிரம் கட்டு என்று வேண்டிக்கொண்டாள். இப்படி வேண்டிக்கொண்டவள் இந்த உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அந்த வாரம் முடிவதற்குள் பேச்சிராஜ் வந்துவிட்டான்.

சந்தில் ஒரு குட்டியானை வண்டி நின்றுகொண்டிருந்தது. அந்தச் சந்தில் குட்டியானை நிற்பது ஒரு விஷயமே இல்லை. மாதத்துக்கு நாலு பேர் ரூம் காலி செய்வார்கள், நாலு பேர் வருவார்கள். பாயும் கேஸ் அடுப்பும் ஏறும், இறங்கும். சுகப்பிரியா ஐ.டி. கார்டைக் கழுத்திலிருந்து கழற்றியபடி அதன் ஓரமாக ஒதுங்கி நடந்தாள். வண்டிக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து அவள் வாயைப் பொத்தியது. முகத்துக்குக் கீழே அந்த இரும்புக் காப்பு தெரிந்தது. ஆளைத் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

"சத்தம் போட்ட, இங்கயே கொன்னுருவேன்" என்று காதுக்குள் சொன்னான். "ஊருக்குப் போறோம். காலைல கோயில்ல தாலி. ஒங்கம்மாவே சொல்லிட்டா."

ஸ்டியரிங்கில் தங்கமாரி என்கிற அவன் கூட்டாளி இருந்தான். வண்டி ஸ்டார்ட்டில் உறுமிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருத்தியைப் பார்த்து, "குடும்ப விஷயம்க்கா, ஒண்ணுமில்ல" என்று தங்கமாரி சிரித்தான். அவளும் சரிதான் என்பது போல உள்ளே போனாள்.

சுகப்பிரியா முழங்கையால் பின்னால் இடித்தாள். அவன் விலாவில் பட்டது, பிடி தளரவில்லை. குதிகாலால் அவன் காலை மிதித்தாள். நகத்தால் அவன் முன்கையைப் பிறாண்டினாள், தோல் நகத்துக்குள் வந்தது. பதிலுக்கு அவன் இன்னொரு கையால் அவள் வயிற்றில் குத்தினான். அவளுக்கு மூச்சு நின்று வந்தது. பொத்திய கையின் கட்டைவிரல் அடிச்சதை உதட்டை நெரித்து உள்ளே புகுந்து பல்லில் அழுந்திக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் அவள் முதலில் பல்லைத்தான் நினைத்தாள். தலையைத் திருப்பி அந்தக் கையைக் கடைவாய்க்குக் கொண்டுபோகப் பார்த்தாள். முடியவில்லை. இன்னொரு தரம் பார்த்தாள். அவன் அவள் தலையைத் தன் மார்போடு சேர்த்து இறுக்கியிருந்தான்.

வண்டிக் கதவு திறந்திருந்தது. இரண்டு அடி தூரம் இருக்கும்.

கடித்தாள்.

முதலில் தோல். பிறகு உப்பாக ரத்தம். பேச்சிராஜ் ஆவென்று அலறினான். பட்டென்று மண்டைக்குள் ஒரு சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் உடைந்துவிட்டது.

லைனில் பஸ்ஸர் அடித்தால் விட்டுவிட வேண்டும். வருஷக்கணக்கில் பழகிய உடம்பு அது. டாக்டரும் அதைத்தான் சொல்லியிருந்தார், ஒடைஞ்சா நிறுத்து. அவள் யோசிக்கும் முன்பே தாடை தளர்ந்தது. தளர்ந்த அந்த நொடியில் பேச்சிராஜ் அவளை இடுப்போடு தூக்கி, ஒரு காலை வண்டிக்குள் திணித்துவிட்டான். உள்ளேயிருந்து தங்கமாரி சுடிதாரைப் பிடித்து இழுத்தான்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பல்லைக் காப்பாற்றினால் தாலி ஏறிவிடும்.

மறுபடியும் கடித்தாள். இந்த முறை பல் இல்லை. உடைந்த பிளாஸ்டிக்குக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த உலோகத் தண்டு நேராக அவன் சதைக்குள் இறங்கியது. பேச்சிராஜ் கையை உதறினான், அவளும் கையோடு சேர்ந்து ஆடினாள். இன்னொரு கையால் அவள் மண்டையில் குத்தினான். காதில் அறைந்தான். முடியைப் பிடித்து வண்டிக் கதவில் மோதினான். புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. அவள் விடவில்லை. அவன் உதறின ஒவ்வோர் உதறலுக்கும் எலும்புக்குள் அந்த ஸ்க்ரூ அசைவது அவளுக்குத் தெரிந்தது. போச்சு, போச்சு, போச்சு என்று உள்ளே ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. போனால் போகட்டும் என்று இன்னும் அழுத்திக் கடித்தாள்.

பேச்சிராஜ் போட்ட கூப்பாட்டில்தான் சந்தே வெளியே வந்தது. இவள் கத்தியிருந்தால் வந்திருப்பார்களோ என்னவோ. பின்பக்கம் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்த காந்திமதி, அருவாமனையை அப்படியே கையில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். முழங்கைவரை செதிளும் ரத்தமும். வண்டிக்கு முன்னால் போய் நின்று, அருவாமனையைக் கண்ணாடிக்கு நேராக ஓங்கினாள்.

"வண்டி ஒரு இஞ்ச் நகந்துச்சு, மூஞ்சிய கீறிடுவேன். எறங்குடா கயித."

தங்கமாரி சாவியைக்கூட எடுக்காமல் அந்தப் பக்கக் கதவைத் திறந்து ஓடியே போய்விட்டான். பக்கத்து அறைகளிலிருந்து நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த பையன்கள் லுங்கியோடு வந்து பேச்சிராஜைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆளுக்கு ஒன்று வைத்தார்கள். ஒருத்தன் இரண்டு வைத்தான். பெரிய சண்டியர் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டான். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"விடச் சொல்லுங்கக்கா. கை போச்சு. அக்கா, விடச் சொல்லுங்கக்கா" என்று காந்திமதியைப் பார்த்துக் கெஞ்சினான்.

"அதான் வேணும்னு ஊர்லேர்ந்து வந்த. நல்லா வாங்கிகினு போ" என்றாள் காந்திமதி. பிறகு குனிந்து, சுகப்பிரியாவின் முதுகை மெதுவாகத் தடவி, "வுட்டுடும்மா. அவன் எங்கயும் போவ மாட்டான். நான் கீறேன்ல, வுட்டுடு" என்றாள்.

சுகப்பிரியாவால் வாயைத் திறக்க முடியவில்லை. தாடை பூட்டிக்கொண்டது போலிருந்தது. காந்திமதி இரண்டு கன்னத்தையும் பிடித்து அழுத்திய பிறகுதான் திறந்தது.

இந்த முறை எழுதி வாங்கிக்கொண்டு விடுகிற கதையெல்லாம் நடக்கவில்லை. காந்திமதி மீன் நாற்றத்தோடு போலீஸ் ஸ்டேஷன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கடத்தல் கேஸ் என்று எழுதி, அவனை ரிமாண்டுக்கு அனுப்பியது தெரிந்த பிறகுதான் எழுந்தாள். குழம்பு வைக்காத மீன் கெட்டுப்போய்விட்டது என்று அதற்கும் பேச்சிராஜையே திட்டினாள்.

செல்லக்கனி மறுநாள் வந்து சேர்ந்தாள். முதலில் போனது அண்ணன் மகனைப் போலீஸ் காவலில் படுக்கவைத்திருந்த ஆஸ்பத்திரிக்கு. பிறகுதான் மகளிடம் வந்தாள். பல் ஆஸ்பத்திரி பெஞ்சில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"கட்டவெரலு மடங்க மாட்டேங்காம் அவனுக்கு" என்றாள் செல்லக்கனி தரையைப் பார்த்தபடி. "இனி வண்டி எப்படி ஓட்டுவான்?"

சுகப்பிரியா அம்மா பக்கம் திரும்பினாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. புருவத்தில் தையல். வாயைத் திறந்து காட்டினாள். உடைந்த பிளாஸ்டிக்கும், அதற்குள் சாய்ந்து நின்ற தண்டும், கன்றிப்போன ஈறும் தெரிந்தன. செல்லக்கனி பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"நீ வேலவிட்டு வார நேரத்த நாந்தான்..." என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் நிறுத்தினாள்.

"தெரியும்மா" என்றாள் சுகப்பிரியா. அம்மாவைத் தேற்ற அவளுக்கு மனசு வரவில்லை. லீலா கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போனாள்.

டாக்டர் சௌந்தர்யா ஊசி போட்டு மரக்கவைத்தார். இடுக்கியால் தண்டைப் பிடித்தார். திருகவே தேவைப்படவில்லை. லேசாக இழுத்ததும் ஸ்க்ரூ வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. ஸ்டீல் தட்டில் போட்டபோது டிங் என்று சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. கம்பெனியில் கை தவறி விழுகிற ஸ்க்ரூ எழுப்புகிற அதே சத்தம். எவ்வளவு ஆசையாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள் அதை.

"பிளாஸ்டிக் ஒடைஞ்சதும் விட்டிருந்தா ஸ்க்ரூ நின்னுருக்கும்" என்றார் டாக்டர், பஞ்சை வைத்து அழுத்தியபடி.

"தெரியும் டாக்டர். ஒரு தடவ விட்டேன். ஒரு கால உள்ள ஏத்திட்டான்."

டாக்டர் பஞ்சை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தார்.

"இந்தப் புண் ஆறணும். எலும்பு ரொம்பணும். சில மாசம் ஆவும். அப்பறம் புது ஸ்க்ரூ, மேல மறுபடி பிளாஸ்டிக், மறுபடி மூணு மாசம். அதுக்கப்பறம்தான் நீ கேட்ட ஜிர்கோனியா. பரவால்லியா?"

"பரவால்ல. போடுங்க."

"போடறேன். அடுத்த தடவையாவது மூணு மாசம் எதையும் கடிக்காம இருப்பியா?"

சுகப்பிரியா வாயிலிருந்த ரத்தத்தைக் கிண்ணத்தில் துப்பினாள். வீங்கிய உதட்டை மெல்ல ஒரு பக்கமாக இழுத்து, பல் இல்லாத இடம் நன்றாகத் தெரியும்படி சிரித்தாள்.

"இருப்பேன் டாக்டர். கடிக்க வேண்டியதக் கடிச்சாச்சு."